மழை எச்சரிக்கையில் மணிக்கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் நாளிதழ்கள் வெளியிடும் மழை எச்சரிக்கைகள் குறித்து, அதிலும் வெள்ளி, சனிக்கிழமைகளில் வெளியாகும் எச்சரிக்கைகள் குறித்து, ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். எந்த மாவட்டத்துக்கு மஞ்சள், எதற்கு ஆரஞ்சு, எதற்குச் சிவப்பு என்ற பட்டியல் தவறாமல் அச்சாகிறது. ஆனால் அந்த அறிவிப்பை வானிலை ஆய்வு மையம் எத்தனை மணிக்கு வெளியிட்டது, அது எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பொருந்தும் என்ற விவரங்கள் பெரும்பாலான நாள்களில் விடுபட்டுப் போகின்றன. இவை இல்லாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு வாசகர் எந்த முடிவும் எடுக்க இயலாது என்பது என் கருத்து.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. 'சனிக்கிழமை மிக கனமழை' என்று அச்சிடும்போது ஞாயிறு விடியற்காலையும் அதற்குள் அடங்கும். இதை அறியாதவர் சனிக்கிழமை பகல் முழுவதும் வெயில் அடிப்பதைக் கண்டு, 'வழக்கம்போல ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்லிவிட்டு, மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்புகிறார். பருவமழைக் காலத்தில் கடல் மேல் உருவாகும் மேகங்கள் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியும் வரை கரையோரத்தில் கொட்டித் தீர்ப்பது வாடிக்கை என்பதால், அவர் ஏமாற்றம் என்று கருதிய மழை அவர் உறங்கும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. மேலும், காலையில் நாம் கையில் எடுக்கும் நாளிதழில் இருப்பது முந்தைய நாள் பிற்பகலிலோ மாலையிலோ வந்த அறிவிப்பு. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஓரிரவில் திசை மாறக்கூடியது. அச்சான எழுத்து மாறாது. செய்தியின் தலைப்புக்குக் கீழே 'வெள்ளி பிற்பகல் வெளியான அறிவிப்பு, ஞாயிறு காலை 8.30 மணி வரை பொருந்தும்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமானது.

வார இறுதியை நான் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. 2021 நவம்பர் 6, சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு காலைக்குள் சென்னை நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.-க்கு மேல் மழை பெய்தது. மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கி மழையைக் கொட்டத் தொடங்கிய 2023 டிசம்பர் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17-ஆம் தேதி ஞாயிறன்று, தென் மாவட்டங்கள் மூழ்கின. மறுநாள் காலை அளவெடுத்தபோது காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பதிவாகியிருந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த 2024 நவம்பர் 30 சனிக்கிழமை. இவை தற்செயல்தான், மேகத்துக்குக் கிழமை தெரியாது. ஆனால் மனிதர்களுக்குத் தெரியும். திருமணம், கோயில், சொந்த ஊர் என்று மக்கள் வீட்டை விட்டு வெளியே இருக்கும் நாள்களும், அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நாள்களும் இவையே. 2023-இல் அந்த ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் நாற்புறமும் வெள்ளம் சூழச் சிக்கிக்கொண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, மழையின் அளவைச் சொல்லும் முறை. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் எல்லாமே அதி கனமழை. இந்தக் கடைசி வகைக்கு உச்சவரம்பே இல்லை என்பதை எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, காயல்பட்டினத்தின் 95 செ.மீ.-யும் அதி கனமழை. அதே போல, பத்து செ.மீ. மழை நாள் முழுவதும் பரவிப் பெய்வதற்கும் மூன்று மணி நேரத்தில் பெய்வதற்கும் உள்ள வேறுபாடு மழைமானியில் தெரியாது, தெருவில்தான் தெரியும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் பத்து செ.மீ. பெய்தால் சுமார் 9,300 லிட்டர் தண்ணீர் சேர்கிறது. கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு லாரித் தண்ணீர் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்குகிறது என்று எழுதினால், வடிகால் ஏன் திணறுகிறது என்பது எவருக்கும் விளங்கும். அந்த வடிகாலின் நிலையோ வேறு கதை. நடைபாதை ஓரத்தில் கையளவு இருக்கும் அதன் வாயை நெகிழிப் பையும் இலைச் சருகும் அடைத்திருக்க, உள்ளிருந்து அள்ளிய வண்டலை அதன் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போக, முதல் மழையிலேயே அது மறுபடி உள்ளே இறங்கிவிடுகிறது.

இடிமழையைப் பற்றிய அறிவிப்பும் இதே போலத் தவறாகவே படிக்கப்படுகிறது. 'ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழை பெய்யக்கூடும்' என்ற வாக்கியத்தைப் பலரும் 'லேசான மழை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'ஓரிரு இடங்கள்' என்பது, அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் மழை இருக்கும் என்பதையே குறிக்கிறது. அந்தக் கால் பங்கில் எவ்வளவு பலமாகப் பெய்யும் என்பதைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. இடிமேகம் எந்தத் தெருவின் மேல் கட்டும் என்பதை முந்தைய நாளே சொல்லிவிட இன்றைய அறிவியலாலும் முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் சென்னையைத் திடீரென்று மூழ்கடித்த மழையே அதற்குச் சாட்சி. அதனால்தான் 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று தொடங்கும் குறுகிய கால அறிவிப்புகளும், மின்னலை முன்கூட்டி உணர்த்தும் 'தாமினி' செயலியும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியும், இடிச் சத்தம் கேட்டவுடன் வயலையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது என்ற இன்னொரு வரியும் நாளிதழில் இடம் பெற்றால் காகிதம் ஒன்றும் வீணாகிவிடாது.

எல்லாவற்றையும் விட நான் வலியுறுத்த விரும்புவது நீர் திறப்புச் செய்தியை. மழைச் செய்தி முதல் பக்கத்திலும், ஏரி, அணைகளின் நீர்மட்டம் உள்பக்கத்தின் ஒரு மூலையிலும் வருகின்றன. வெள்ளம் பெரும்பாலும் இந்த இரண்டும் சேரும் இடத்தில் பிறக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டிய அதே இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் வந்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணை ஆற்றங்கரையின் கீழ்ப்பகுதிகளில் ஃபெஞ்சல் புயல் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. மழை விட்டதே என்று நிம்மதியாகப் படுத்தவர்களின் வீட்டுக்குள் ஆறு நுழைந்தது. 'இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு' என்ற எண் மட்டும் கரையில் வசிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அந்த நீர் எந்தெந்த ஊர்களைக் கடக்கும், அவரவர் ஊருக்குச் சுமார் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும், ஆற்றின் கரை அதைத் தாங்குமா என்பதே அவருக்குத் தேவை. இவ்விவரங்களைப் அதிகாரிகளிடம் கேட்டுப் பெறும் வலு தனிமனிதருக்கு இல்லை. நாளிதழின் செய்தியாளருக்கு உண்டு. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய இரு எண்களையும் அந்தச் செய்தியின் பக்கத்திலேயே அச்சிடலாம்.

கடைசியாக ஒன்று. மழை விட்டபின் வரும் திங்கட்கிழமை இதழில், எந்த ஊரில் எத்தனை செ.மீ. பெய்தது என்ற பட்டியலை எல்லா நாளிதழ்களும் வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலின் பக்கத்தில் இன்னொரு வரிசை சேர்த்து, அதே ஊர் அமைந்த மாவட்டத்துக்கு முந்தைய வெள்ளி, சனிக்கிழமைகளில் எந்த நிற எச்சரிக்கை விடப்பட்டிருந்தது என்பதையும் வெளியிட வேண்டுகிறேன். சில பருவங்கள் தொடர்ந்து இதைச் செய்தால், எந்த எச்சரிக்கையை எந்த அளவு நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்பதை வாசகர்கள் தாங்களே கணித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்