என் அம்மாவின் அஸ்தியைச் ‘சாமான்’ என்ற உங்கள் ஊழியர் மீது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது கடிதம். தொலைபேசியில் எத்தனை முறை பேசினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து கேட்கிறார், "செக் பண்ணிட்டுக் கூப்பிடறோம்" என்கிறார். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

விமானத்தில் அஸ்தி கொண்டுபோக உங்கள் விதி என்ன என்பது உங்களுக்கே தெரியும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டேன். இறப்புச் சான்றிதழும் மயான ரசீதும் இருந்தால் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை நம்பித்தான் ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு அப்பா, தம்பி, நான் மூவரும் கிளம்பினோம். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து காசி.

மண் கலயத்தை வெள்ளைத் துணியில் கட்டி அப்பாதான் வைத்திருந்தார். அவருக்கு 78 வயது. கை நடுங்குகிறதே என்று கவுன்டர் மேல் ஒரு நிமிடம் வைத்தார். உடனே உங்கள் ஊழியர், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்தச் சாமானை இங்க வைக்காதீங்க" என்றார். சாமானா? 51 வருடம் அவரோடு வாழ்ந்தவள் ஐயா அது. அப்பா ஒன்றும் பேசாமல் கலயத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மாநகராட்சி இணையத்தில் தந்த சான்றிதழில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை உங்கள் ஊழியர் ஸ்கேன்கூடச் செய்யவில்லை. மயான ரசீதில் வட்ட முத்திரை இல்லை, வாங்கி வாருங்கள் என்றார். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, தத்தனேரி மயானம் வைகைக்கு வடக்கே. தம்பி ஆட்டோவில் ஓடினான். அங்கே, "இந்த ரசீதை வைத்துத்தான் எல்லாரும் போகிறார்கள்" என்று சொல்லி, பாவம், முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். திரும்பி வருவதற்குள் கவுன்டரை மூடிவிட்டீர்கள். "ராமேஸ்வரம் பக்கத்துலதானே, அங்க கரைக்கலாமே" என்று அதே ஆள் சொன்னார். அம்மா கேட்டது காசி. அதை மாற்ற அவர் யார்?

வாசலில் இருந்த பாதுகாப்புப் படைக்காரரிடம் பிறகு கேட்டேன். செம்பு, பித்தளை என்றால்தான் எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது, மண் கலயத்தில் தொல்லையில்லை என்றார். வாசலில் நிற்பவருக்குத் தெரிந்தது உங்கள் ஆளுக்குத் தெரியவில்லை. சொல்ல மறந்துவிட்டேன், கலயத்தைக் கார்கோவில் போடுங்கள் என்றும் உங்கள் ஊழியர் முதலில் ஒருமுறை சொன்னார்.

மூன்று டிக்கெட் பணமும் போய்விட்டது. வரியை மட்டும் திருப்பித் தருவீர்களாம். காசியில் படகுக்கும் ஐயருக்கும் கொடுத்த முன்பணமும் போனது. அமாவாசையும் போனது. எங்கள் குடும்பமே நிலைகுலைந்து கிடக்கிறது. இதற்குப் பத்து லட்சம் கேட்டாலும் தகும்.

தயவுசெய்து 15 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் அப்பாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் விமானப் பயணப் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவிலும், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். வழக்கறிஞரிடம் பேசியாகிவிட்டது. அவ்வளவு தூரம் போக எனக்கும் விருப்பமில்லை, உங்களை மதித்துத்தான் கேட்கிறேன்.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசல் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறோம். மழை வந்தால் அப்பா குடையோடு போய் அதன் கீழே நிற்கிறார். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
விளாங்குடி, மதுரை