தேர்வுக் குழுவினரே, ஜூன் மாத டைமிங்கை மட்டும் பார்க்காதீர்கள்

இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தேர்வுக் குழுவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் ட்ராக்கில் ஓடி வளர்ந்தவர்கள். நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். ஆனாலும் பல வருடமாக ரிசல்ட் ஷீட்டுகளை விடாமல் படித்து வருகிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. ஒலிம்பிக்ஸுக்கோ உலக சாம்பியன்ஷிப்புக்கோ ஆசிய விளையாட்டுக்கோ ஆள் எடுக்கும்போது உங்கள் விதிகளில் முக்கியமாக இருப்பவை இரண்டு. நீங்கள் சொல்லும் தகுதி அளவைத் தொட்டிருக்க வேண்டும், மாநிலங்களுக்கு இடையேயான சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டிருக்க வேண்டும். சரி, இரண்டும் தேவைதான். ஆனால் இந்த வீரர் இதற்கு முன் பெரிய போட்டிகளுக்குப் போனபோது தன்னுடைய சொந்த அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் போனார், அதைத் தாண்டினாரா, இல்லை பாதி வழியில் சுருண்டாரா என்ற கேள்விக்கு அந்த விதிகளில் இடமே இல்லை. எனக்கென்னவோ அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று படுகிறது.

வித்யா ராம்ராஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் சண்டிகரில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.43 நொடியில் முடித்தார். பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஓடிய 55.42 என்ற தேசிய சாதனையை நூறில் ஒரு நொடியில் விட்டார். அதே நூறில் ஒரு நொடியில்தான் உஷாவுக்கும் அன்று வெண்கலம் போனது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அப்படி ஒரு சாதனையைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு அடுத்த போட்டியில் கால் பின்னுவதுதான் வழக்கம். வித்யா என்ன செய்தார்? சில வாரம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில், இறுதியில்கூட இல்லை, ஹீட்ஸ் என்ற முதல் சுற்றிலேயே 55.42 ஓடி, 39 வருடமாக இந்தியாவில் யாராலும் தொட முடியாத அந்த நேரத்தைத் தொட்டார். அடுத்த நாள் இறுதியில் 55.68, வெண்கலம். கோயம்புத்தூர்ப் பெண், லாரி ஓட்டுநரின் மகள், கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே ஆசிய விளையாட்டில் தடை ஓட்டம் ஓடினார் என்பதையெல்லாம் பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. ஆனால் சண்டிகரை விட ஹாங்சோவில் வேகமாக ஓடினார் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் செய்தி.

நம் தடகள வரலாற்றைப் புரட்டினால் இது புதிதல்ல. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் 800 மீட்டர் இறுதியில் ஸ்ரீராம் சிங் முதல் சுற்று முழுக்க முன்னால் ஓடினார். பின்னால் வந்தவர் கியூபாவின் ஹுவான்டொரேனா, அன்று உலக சாதனையோடு தங்கம் வென்றவர், அந்த வேகத்துக்கு ஸ்ரீராம் ஒரு காரணம் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஸ்ரீராமுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். நேரம் 1:45.77. அதை இந்தியாவில் இன்னொருவர் முந்துவதற்கு 2018 வரை ஆனது. உஷாவின் 55.42 வந்தது ஒலிம்பிக் இறுதியில். அஞ்சு பாபி ஜார்ஜின் 6.83 மீட்டர் வந்தது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில், அதற்கு முந்தைய வருடம் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கிய பிறகு. பல பத்தாண்டு நின்ற நம் சாதனைகளில் இத்தனை, அந்த நாளில் அந்த மைதானத்தில் உலகத்திலேயே நல்ல ஆட்கள் பக்கத்தில் நின்றபோது வந்தவை. அஞ்சு உங்கள் கூட்டமைப்பிலேயே துணைத் தலைவர் பொறுப்பு வகித்தவர். கேட்டால் அவரே சொல்வார்.

அவினாஷ் சாப்ளே விஷயத்தில் உங்களைப் பாராட்டியே ஆக வேண்டும். 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில், தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் ஹீட்ஸில் மற்றவர்கள் விழுந்து புரண்டதில் இவர் வழி மறிக்கப்பட்டார், அப்படியும் 8:25.23 என்று தேசிய சாதனை, ஆனால் இறுதிக்கு இடமில்லை. நீங்கள் அப்பீல் போட்டீர்கள், இறுதியில் சேர்த்தார்கள், மூன்று நாளில் மறுபடி ஓடி 8:21.37 என்று அந்தச் சாதனையையும் உடைத்தார். 13-ஆம் இடம்தான், பதக்கமில்லை. ஆனால் இப்படி ஒருத்தர் கையில் இருக்கிறார் என்று அன்றே தெரிந்துவிட்டது. அப்புறம் 2022 பர்மிங்ஹாம். 1998 முதல் 2018 வரை ஒவ்வொரு காமன்வெல்த்திலும் மூன்று பதக்கத்தையும் கென்யர்களே எடுத்துக்கொண்டு போன ஓட்டம் அது. அன்றும் மூன்று கென்யர்கள் முன்னால். நம்மாள் அவர்களை விட்டு விலகவே இல்லை, கடைசிச் சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னால் விட்டுவிட்டு, கடைசி நேர்கோட்டில் ஏப்ரகாம் கிபிவோட்டை விரட்டி விரட்டி, கோட்டில் 0.05 நொடியில் தங்கத்தை விட்டார். 8:11.20, மறுபடி தேசிய சாதனை. அந்த ஓட்டத்தை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். கடைசித் தண்ணீர்த் தடையைத் தாண்டிய பிறகு அவர் பின்னால் திரும்பி யார் வருகிறார்கள் என்று பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை, வெள்ளி கையில் இருக்கிறது என்ற எண்ணமே அந்த உடம்பில் இல்லை.

இப்போது மறுபக்கம். நம் ஊர் மீட்டுகளில், அதாவது தடகளப் போட்டிகளில், வரும் எண்களை அப்படியே நம்ப முடியுமா? பெயர் சொல்லி யாரையும் நோகடிக்க விரும்பவில்லை. ஆனால் உள்ளூரில் மார்ச்சிலோ ஜூனிலோ பிரமாதமாகத் தாண்டியவர்கள், எறிந்தவர்கள், வெளியே போய்த் தகுதிச் சுற்றிலேயே தங்கள் அளவுக்கு அரை மீட்டர், ஐந்து மீட்டர் குறைந்து நின்ற கதையை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம். அதற்கு எல்லாம் மனம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரிகள் வந்தார்கள் என்றதும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினாரே, அதை நாடே பார்த்தது. வேறு நாடாக இருந்தால் அந்த ஒரு நாளைக்கே பல நாற்காலிகள் ஆடியிருக்கும். அந்தச் சூழலில் வரும் டைமிங்கும் ஹாங்சோ ஹீட்ஸில் வரும் டைமிங்கும் உங்கள் பட்டியலில் ஒரே மதிப்பா? திருப்புதல் தேர்வு மார்க்கை வைத்துக் காலேஜ் சீட் கொடுப்பது மாதிரி இருக்கிறது.

பெரிய போட்டி என்றால் என்ன வித்தியாசம் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள், உங்களுக்குத் தெரியும். போட்டிக்கு முன்னால் கால் ரூமில் (call room, வீரர்களைக் கூப்பிட்டுக் காக்க வைக்கும் அறை) உட்கார வைத்துவிடுவார்கள். ஃபோன் கிடையாது, கோச் கிடையாது. ஸ்பைக்ஸைத் திருப்பி ஆணியைப் பார்ப்பார்கள், பையைக் கிளறுவார்கள், நெஞ்சு எண்ணைச் சரிபார்ப்பார்கள். அதற்குள் வார்ம்-அப்பில் ஏறிய சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், எதிர் பெஞ்சில் உலக சாம்பியன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஈட்டி எறிதல் இறுதியில் முதல் மூன்று எறிதலுக்குள் எட்டுப் பேருக்குள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதாக இருந்தது. அங்கே வந்தபோது ஜெர்மனியின் யோஹன்னஸ் வெட்டர் அந்த வருடம் 96.29 மீட்டர் எறிந்தவர், 90 மீட்டரெல்லாம் அவருக்குச் சர்வசாதாரணம். இறுதியில் 82.52, மூன்று எறிதலோடு வெளியே. அங்கே ஓடுபாதை தன் கால் பதிப்புக்கு ஒத்துவரவில்லை என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே பாதையில்தான் அதுவரை 88.07-க்கு மேல் போகாத நீரஜ் சோப்ரா முதல் எறிதலில் 87.03, இரண்டாவதில் 87.58 என்று போட்டுவிட்டுத் தங்கத்தோடு வந்தார்.

நீரஜின் வழக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? டோக்கியோவில் தகுதிச் சுற்றில் முதல் எறிதலிலேயே வேலை முடிந்தது, 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் முதல் எறிதல் 88.77, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தகுதிச் சுற்றில் முதல் எறிதல் 89.34. பார்க்கலாம், சூடு ஏறட்டும் என்ற பேச்சே இல்லை. பாரிஸ் இறுதியில் ஆறில் ஐந்து ஃபவுல், நின்ற ஒன்று 89.45, அன்றைக்கு அவர் வாழ்க்கையிலேயே இரண்டாவது பெரிய எறிதல். அதுவும் எப்போது வந்தது? பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் தன் இரண்டாவது முயற்சியில் 92.97 எறிந்து ஸ்டேடியத்தையே வாயடைக்க வைத்த பிறகு. நதீமுக்கும் அதற்கு முன் 90.18-தான் பர்சனல் பெஸ்ட். பாரிஸில் முதல் எறிதல் ஃபவுல். அடுத்ததில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கூட்டிக்கொண்டார்.

இதற்கெல்லாம் பிறவிக் குணம் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடலாம். நான் அப்படி நினைக்கவில்லை, பெரும்பகுதி பழக்கம்தான். ஆனால் பழக்கமோ பிறவியோ, யாரிடம் இருக்கிறது என்று பார்க்கவாவது வேண்டுமல்லவா?

தேஜஸ்வின் சங்கர் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2022 காமன்வெல்த்துக்கு உயரம் தாண்டுதலில் நீங்கள் வைத்த அளவு 2.27 மீட்டர். அவர் அமெரிக்காவில் பல்கலைக்கழக சாம்பியன்ஷிப்பில் அதைத் தாண்டி முதலிடமும் பிடித்தார். ஆனால் மாநிலங்களுக்கு இடையேயான போட்டிக்கு வரவில்லை என்று அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு, அந்த இழுபறி எல்லாம் முடிந்து பர்மிங்ஹாமில் இறங்கி, 2.22 தாண்டி வெண்கலம் வாங்கினார். காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அடுத்த வருடம் ஹாங்சோவில், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் 7,666 புள்ளி, தேசிய சாதனை, வெள்ளி. அந்தக் கட்டாய விதியே தவறு என்று நான் வாதாடவில்லை. எல்லோரும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் மோதினால்தான் மாநிலங்களிலிருந்து வரும் பெயர் தெரியாத பையனுக்கும் வாய்ப்பு என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சில மூத்த வீரர்களுக்கு விலக்குக் கொடுக்கிறீர்கள், யாருக்கு எதற்குக் கொடுத்தீர்கள் என்பதை எழுத்தில் காரணத்தோடு போட்டால் அடுத்தவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

என் கோரிக்கை இவ்வளவுதான். அணிக்குப் பரிசீலிக்கப்படும் ஒவ்வொருவருக்கும், பெரிய போட்டிகளில் அவர் செய்த அளவையும் அந்த சீசனில் அதற்கு முன் செய்த சிறந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிடுங்கள். இரண்டு பேர் ஒரு இடத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொடர் ஓட்டத்தில் யார் எத்தனையாவதாக ஓடுவது என்பதற்கும் இது உதவும். 2023 புடாபெஸ்டில் 4x400 ஹீட்ஸில் அனஸ், அமோஜ், அஜ்மல், கடைசியாக நம் திருச்சி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ராஜேஷ் ரமேஷ் என்று நால்வரும் அமெரிக்காவின் பின்னாலேயே ஓடி 2:59.05 என்று ஆசிய சாதனை படைத்தார்கள், தனித்தனியாக அவர்களின் 400 மீட்டர் நேரத்தைப் பார்த்து யார் இதை எதிர்பார்த்தார்கள்? உலக ரேங்கிங்கில்கூட வெறும் நேரம் மட்டும் கணக்கில்லை, எந்தத் தரப் போட்டி, அதில் எத்தனையாவது இடம் என்பதற்கும் புள்ளி உண்டு. உலகமே செய்கிறது, நமக்கென்ன தயக்கம்?

இன்னொன்று, காலண்டர். 2024-ல் பாரிஸுக்கான தகுதிக் காலம் ஜூன் 30-ல் முடிந்தது, பஞ்ச்குலாவில் மாநிலங்களுக்கு இடையேயான போட்டியும் அதே நாளில் முடிந்தது. ஒலிம்பிக் தடகளம் ஆகஸ்ட் 1-ல் தொடக்கம். ரேங்கிங் புள்ளிக்காக ஜூன் கடைசியில் உயிரைக் கொடுத்து ஓடிய உடம்பு ஒரு மாதத்தில் மறுபடி உச்சத்துக்கு வர வேண்டும் என்றால் எப்படி? ஏற்கனவே தகுதி பெற்றவரை அங்கே இழுக்காதீர்கள். போட்டியை ஒரு மாதம் முன்னால் தள்ளினால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லையென்றால் இந்தப் பட்டியலே ஆளை வெட்டும் கத்தியாகிவிடும். ஒரு போட்டியில் சொதப்பியவரை ‘பெரிய இடத்தில் நடுங்குகிறவர்’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் முதுகு வலியோடு இறங்கிய நீரஜே 84.03 எறிந்து எட்டாம் இடம்தான். அதே இறுதியில், அதுவரை பலர் பெயரே கேட்டிராத சச்சின் யாதவ் முதல் எறிதலில் 86.27, பர்சனல் பெஸ்ட், நான்காம் இடம். ஒருவருடைய ஒரு நாளை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று பெரிய போட்டிகளைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அவர்கள் போய்க் கால் ரூமில் உட்கார்ந்து பழகட்டும். நம் ஊர் தேசியப் போட்டிகளிலும் அதே மாதிரி கால் ரூமை ஒழுங்காக நடத்துங்கள், ஃபோனை வாங்கி வையுங்கள், ஹீட்ஸ், அரையிறுதி எல்லாம் முறையாக வையுங்கள், பரிசோதனை அதிகாரிகளை எல்லா மீட்டுக்கும் கூப்பிடுங்கள்.

அடுத்த அணி அறிவிப்போடு அந்தப் பட்டியலின் முதல் பதிப்பு வந்தால் போதும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, அதை உட்கார்ந்து சரிபார்க்க என்னைப் போல வேலையத்த ரசிகர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ரிசல்ட் ஷீட் படிக்கும் ஒரு ரசிகன்