தங்கச்சியின் வீட்டுப் பணம்

திருகோணமலை,
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதை நினைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் விழித்திருந்தேன். தங்கச்சியின் வீட்டுக்கென்று சேர்த்த பணத்தில் பாதியை வளர்முக நாடுகளின் பிணைமுறிகளிலும், அதாவது எங்களைப் போன்ற வளர்ந்துவரும் நாடுகள் கடன் வாங்க விற்கும் பத்திரங்களிலும், மீதியைக் கிரிப்டோ என்கிற இணையக் காசுகளில் ஒன்றான பிட்கொயினிலும் போடப்போவதாகச் சொன்னாய். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்றாய். மகன், போர்ப் பயம் வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே விழும்.

2022ஆம் ஆண்டை நீ ரொறன்ரோவிலிருந்து செய்தியாகப் பார்த்தாய். நான் மீனவர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் பார்த்தேன். வரிக் குறைப்பாலும் கொரோனாவாலும் நாடு முன்னமே தளர்ந்திருந்தது. பெப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை ஏறியது. இருந்த கொஞ்ச டொலரும் எண்ணெய்க் கப்பலுக்கே போதவில்லை. பயந்த முதலீட்டாளர் எங்களைப் போன்ற நாடுகளின் முறிகளைத்தான் முதலில் விற்பார். விற்ற பணத்தோடு பாதுகாப்பு என்று நம்பும் அமெரிக்கத் திறைசேரி முறிகளுக்கு ஓடுவார். முறியின் விலை விழ விழ, அதை அந்த விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் வட்டி வீதம் ஏறும். அவ்வளவு வட்டிக்கு நாடு புதுக்கடன் வாங்க முடியாது. பழைய கடனைப் புதுக்கடனால் அடைத்துவந்த குடும்பங்கள் எப்படி முடிந்தன என்று எங்கள் ஒழுங்கையிலேயே நீ பார்த்திருக்கிறாய். ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இருநூறு ரூபாய் டொலர் முந்நூற்றறுபதைத் தொட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87இலிருந்து 340 ரூபாய் ஆனது. திருக்கடலூர்க் கரையில் வள்ளங்கள் கவிழ்த்தபடியே கிடந்தன. சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஆனால் எங்கள் பொடியன்கள் கையில் கானோடு வரிசையில் நின்றார்கள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் அரசாங்கத்தின் அந்த டொலர் முறிகளை வைத்திருந்தவர்களுக்கு 2024 டிசம்பரில்தான் புதிய முறிகள் கிடைத்தன, அதுவும் முதற்தொகையில் 27 வீதம் வெட்டப்பட்டு. அடிமட்ட விலையில் வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள், உண்மைதான். அவர்களால் இரண்டரை வருடம் காத்திருக்க முடிந்தது. தங்கச்சியின் அத்திவாரம் அப்படிக் காத்திருக்காது.

பிட்கொயினும் அதே காலத்தில்தான் கரைந்தது. 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போனது, ஒரு வருடத்தில் 16,000க்கும் கீழே வந்தது. ஒரு பெரிய கிரிப்டோ சந்தை சரிந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியதும் முறியிலிருந்தும் கிரிப்டோவிலிருந்தும் ஒரே பணம்தான் வெளியேறியது. 2024 ஏப்ரலில் ஈரான் இஸ்ரேல் மீது ட்ரோன்களை ஏவியது ஒரு சனிக்கிழமை இரவு. பங்குச்சந்தையும் முறிச்சந்தையும் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒரே கடை கிரிப்டோ. பயந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் விற்றார்கள். சில மணி நேரத்தில் பிட்கொயின் பல ஆயிரம் டொலர் விழுந்தது.

அதை வேண்டாத பொருள் என்று சொல்லமாட்டேன். போர் தொடங்கியபோது உக்ரைனுக்கு உதவிப்பணம் அந்த வழியாகவும் போய்ச்சேர்ந்தது. உன் சொந்தச் சேமிப்பில், பத்து வருடம் தொடமாட்டேன் என்று நீ ஒதுக்கும் பங்கை எதில் வேண்டுமானாலும் போடு, அதில் நான் தலையிடமாட்டேன். வீட்டுப் பணம் மட்டும் வங்கியில் நிலையான வைப்பில் இருக்கட்டும். மேசன் தைப்பொங்கலுக்குப் பிறகு கல் வைக்கலாம் என்கிறார். முதல் தவணையை மாசி முதல் வாரத்தில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா