திசு வளர்ப்பு மூலிகை நாற்று: விவரச் சீட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக்கு ஊடுபயிராகவும் வீட்டுக் கொல்லையிலும் மூலிகை நடும் ஆர்வம் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தொங்காட் அலி (வேர் மருந்தாகும் காட்டு மூலிகை), கற்றாழை, வசம்பு முதலியவற்றின் திசு வளர்ப்பு நாற்றுகளை, அதாவது தாய்ச்செடியின் சிறு துண்டை ஆய்வகக் குடுவையில் வளர்த்துப் பெருக்கிய கன்றுகளை, விற்க வருவோர், எல்லாமே தாய்ச்செடியின் அச்சு அசல், இம்மியும் மாறாது என்று அடித்துச் சொல்வதும், அதை நம்பி நம்மவர்கள் சேமிப்பை எடுத்து நீட்டுவதும் கவலை அளிக்கின்றன.

அந்த வாக்குறுதி எப்போதும் மெய்யாவதில்லை. குடுவைக்குள் வளரும் திசுவில் தோன்றும் மாறுபாட்டுக்கு, 1981-இலேயே லார்க்கின், ஸ்கௌக்ராஃப்ட் என்னும் ஆய்வாளர்கள் சோமாகுளோனல் வேறுபாடு என்று பெயர் சூட்டிவிட்டனர். மொட்டிலிருந்து நேரே கிளைக்கச் செய்த கன்றுகளில் இது குறைவு. இலையையோ வேரையோ காலஸ் எனப்படும் உருவமற்ற செல் திரளாக்கி, அதிலிருந்து செடியை எழுப்பும்போதுதான் ஆபத்து கூடுகிறது. அத்திரளைப் பிரித்துப் பிரித்துப் பலமுறை புதுக் குடுவைக்கு மாற்றினால், குரோமோசோம் எண்ணிக்கை பிசகவும் மரபணுவில் மாற்றங்கள் சேரவும் கூடும். தோட்டத்தில் களைக்கொல்லியாகத் தெளித்த அதே 2,4-டிதான், மிகச் சிறிய அளவில், காலஸ் உண்டாக்கவும் பயன்படுகிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. 1980-களில் திசு வளர்ப்புச் செம்பனைகளில் சில, பார்வைக்கு ஒரு குறையுமின்றி வளர்ந்து, காய்ப்புக்கு வந்த பிறகே கோளாற்றைக் காட்டின. மகரந்தத் தாள்கள் சூலிதழ்களாகத் திரிந்ததால், பழத்தைச் சுற்றி விரல் விரலாகச் சதை புடைத்து நின்றது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மரங்களில் குலை முதிராமலே வீணாயிற்று. அதன் காரணத்தை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். டிஎன்ஏவின் எழுத்துகள் மாறவில்லை. கார்மா என்னும் டிஎன்ஏ துணுக்கின் மேலிருந்த, மரபணுவின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் அகன்றிருந்தன. எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் சோதனையில் இத்தகைய கோளாறு சிக்காது.

செம்பனையில் பழம் காட்டிக்கொடுத்தது. மூலிகையில்? வெளிறிய கோடு விழுந்த இலையும் குட்டையான கன்றும் கண்ணில் பட்டால் களைந்துவிடலாம். வேருக்குள் மருந்துச் சத்து குறைந்திருப்பதை எந்தக் கண் காணும்? தொங்காட் அலியை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, வேரோடு பிடுங்கிய பிறகல்லவா அது தெரியவரும்! அதன் வேரிலிருந்து நீரில் இறக்கி உறைய வைத்து உலர்த்திய சாற்றில், யூரிகோமனோன் என்னும் மருந்துச் சத்து 0.8 முதல் 1.5 விழுக்காடு இருக்க வேண்டுமென 2011-ஆம் ஆண்டின் மலேசியத் தர நிர்ணயம் வரையறுத்துள்ளது. சாற்றுக்கு அளவு கேட்கும் நாம் நாற்றிடம் ஒன்றும் கேட்பதில்லை.

திசு வளர்ப்பே கூடாது என்பது என் கருத்தன்று. காட்டுத் தொங்காட் அலி வேரோடு பறிபோகும் நிலையில் அது தேவையான வழி. ஆகவே, தாய்ச்செடி எங்கிருந்து வந்தது, மொட்டு வழியா காலஸ் வழியா, எத்தனை முறை குடுவை மாற்றப்பட்டது என்பவற்றை விற்பனையாளர்கள் எழுத்தில் தர வேண்டும். மண்ணும் வயதும்கூடச் சத்தை மாற்றும் என்பதால், தாய்வழிச் செடியையும் திசு வளர்ப்புச் செடியையும் ஒரே நிலத்தில் வளர்த்து ஒப்பிட்ட ஆய்வக முடிவும் அதில் இருப்பது அவசியம். இத்தகைய சீட்டுக்கு ஒரு பொதுப் படிவத்தை விவசாய இலாகா வகுத்துத் தருமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.