செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான உதவி, தீபாவளி அன்பளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயலவை இவ்வாண்டு அதிகம் பேசியது தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பற்றித்தான். மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் நம்மில் பலர்.

அவர்களைத் தொடும் இரண்டு சட்டத் திருத்தங்கள் இவ்வாண்டு நடப்புக்கு வந்தன. ஜூன் 1 முதல், திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்கிறது 26ஏ பிரிவு. ஜூலை 7 முதல், சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்ந்தது. பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கு இவை மனப்பாடம். இரவு ஷிப்டில் டிரம் தள்ளும் பையனுக்கு யாராவது சொன்னார்களா என்பதே நம் கேள்வி.

ஆகவே உறுப்பினர்களுக்கு நடத்திய விளக்கக் கூட்டத்தைச் சட்டத்திலிருந்து தொடங்காமல், கையிலிருக்கும் பொருளிலிருந்து தொடங்கினோம். சால்வெண்ட் எனும் ரசாயனக் கரைப்பானைத் துடைத்த துணியைச் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடுவது பலருக்குப் பழக்கம். அது பட்டியலிடப்பட்ட கழிவு, அதாவது அபாயகரமானதென்று சட்டவிதிகள் பட்டியலிட்டுள்ள கழிவு. அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 410. காலியான ரசாயன டிரம் எஸ்.டபிள்யூ. 409. கழிவு உண்டான தேதியும் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் கழிவை வைத்திருக்கும் டிரம் மேல் தெளிவாக இருக்க வேண்டும். 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. இந்த விதிகள் 2005 முதல் இருக்கின்றன. ஆனாலும் லேபிளில் தேதி எதற்கு என்று அன்றுதான் புரிந்ததாக ஓர் உறுப்பினர் சொன்னார். அவர் அந்த வேலையில் பழுத்தவர். அவருக்கு இத்தனை காலம் யாரும் சொல்லாதது எனக்கு வேதனையாக இருந்தது.

கழிவு வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜோகூர் பாசிர் கூடாங் சாட்சி. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சுத் திணறியவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள்.

பேரிடர் ஆயத்தத்தில் நம் மனக்குறை பெரிது. 2017 நவம்பர் வெள்ளம் பினாங்கைச் சூழ்ந்தது இரவில். ஆனால் உறுப்பினர்கள் சிலர் வேலை செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலையில், வெளியேறும் பயிற்சி பகல் ஷிப்டுக்கு மட்டுமே நடக்கிறது. ஏஜெண்ட் மூலம் வந்த தொழிலாளர் சிலருக்கு ஒன்றுகூடும் இடமே தெரியவில்லை. தணிக்கைக்கு வருகிறவர் கோப்பைப் பார்க்கிறார். கோப்பில் பயிற்சி நடந்திருக்கிறது. இரவு ஷிப்டுக்கும் பயிற்சி வேண்டும், எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் இடம்பெற வேண்டும் என்று அந்நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துள்ளோம். பதில் இன்னும் வரவில்லை. புதிய செயலவை இதைக் கைவிடாமல் தொடர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. நம் உறுப்பினர்கள் கூச்சப்படாமல் அதற்குப் பெயர் கொடுங்கள்.

கூட்டங்களுக்கு மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், துணைநின்ற மகளிர் பிரிவினருக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
பினாங்கு