‘கலந்து பரிமாறவும்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் வரும் சாலட் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். எதை எவ்வளவு நறுக்க வேண்டும் என்பதை அளவு பிசகாமல் சொல்லும் அக்குறிப்புகள், இறுதியில் ‘கலந்து பரிமாறவும்’ என்ற இரண்டே சொற்களோடு நின்றுவிடுகின்றன. சாலட்டின் பக்குவமே அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாலட் என்ற பெயரே உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற லத்தீன் சொல்லின் வழியாக வந்தது. அந்த உப்பை முந்திச் சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். தங்கள் குறிப்பு ஒன்றைப் பார்த்து, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெள்ளரி, தக்காளித் துண்டுகளில் உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறி வைத்தேன். உண்ண அமர்ந்தபோது காய்கள் துவண்டு கிடந்தன. கிண்ணத்தின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. காயிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடும் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் நான் காத்திருந்திருப்பேன். லெட்யூஸ் போன்ற இலைகளுக்கு இன்னும் கவனம் தேவை: கழுவிய ஈரம் முழுவதும் போகாவிட்டால், மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்று அடித்துக் கலந்த சாறு இலையில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

எல்லா சாலட்டும் இப்படிக் கடைசி நிமிடத்தில் கலக்க வேண்டியவை அல்ல. தெற்கு ஜெர்மனியில் உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போதே அதன்மேல் இறைச்சி அல்லது காய்கறி வேகவைத்த சூடான சாறும் வினிகரும் ஊற்றி ஊறவிடுகிறார்கள். ஆறிய கிழங்கு அப்படி உறிஞ்சாது. ரஷ்யர்களின் புத்தாண்டு விருந்தில் தவறாத ஒலிவியே சாலட்டோ, வேகவைத்த காய்களில் மயோனைஸ் கலந்து குளிரவைத்துப் பரிமாறப்படுவது.

பரிமாறும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. கிரேக்க சாலட்டில் ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் ஒரே பாளமாக மேலே வைப்பார்கள். உடைத்த கோதுமையைவிடப் பார்ஸ்லி இலையே மிகுந்திருக்கும் லெபனானின் தபூலேயை லெட்யூஸ் இலையில் அள்ளி உண்பதுண்டு. தாய்லாந்தின் பப்பாளிக்காய் சாலட்டை உரலிலேயே இடித்துக் கலந்து உடனே தருகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் உணவின் தொடக்கத்தில் வரும் பச்சை சாலட், பிரான்சில் முக்கிய உணவு முடிந்து, பாலாடைக்கட்டிக்கு முன் வருகிறது. வயிறு நிறைந்தபின் வாயைத் தெளியவைக்கும் அந்த வழக்கமே எனக்குப் பிடித்தது.

ஆகவே, இனி வரும் குறிப்புகளில் உப்பும் சாறும் எப்போது சேர்ப்பது, ஊறவிடுவதா உடனே உண்பதா, சூடாகவா குளிர்ந்தா, உணவின் எந்தக் கட்டத்தில் என்பவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடம் போதாதென்றால், படத்தின் அளவைச் சற்றுக் குறைத்தாலும் எங்களுக்குக் குறையில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்