பிளீச்சிங் பவுடரும் கன்றுக்குட்டியும்

தக்கலை,
ஜூன் 14.

அன்புள்ள பகவதிக்கு,

உன் கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. இடவப்பாதி மழை விடாமல் பெய்வதால் ரப்பர் வெட்டு நின்றுபோய், வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பதில் எழுத இதைவிட நல்ல நேரம் அமையாது. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தேன். இங்கே எங்கள் செவலைப் பசு கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

ஆறு வயதுப் பேத்திக்குக் கைமடிப்பிலும் கால்மடிப்பிலும் கரப்பான் என்னும் தோல் அரிப்பு, மழை மேகம் திரண்டால் ஆஸ்துமா இழுப்பு. மருமகளோ நாளுக்கு மூன்று முறை கிருமிநாசினி விட்டுத் தரையைத் துடைக்கிறாள், பிள்ளையை மண்ணில் கால் வைக்க விடுவதில்லை. "இந்த அளவுகடந்த சுத்தம்தான் பிள்ளையைக் கெடுத்தது; நாமெல்லாம் மண்ணில் புரண்டு வளர்ந்தோம், நமக்கு என்ன வந்தது?" என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தோராண்டு நர்ஸாக இருந்தவள் உன் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பாய். பாதித் தீர்ப்புத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் உனக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 17,414 குழந்தைகளை இருபத்துமூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்த பதிவுகளை எடுத்துக்கொண்டு, லண்டனைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர் 1989இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மகரந்த ஒவ்வாமையால் வரும் ஓயாத தும்மலும் மூக்கொழுகலும் தலைப்பிள்ளைகளுக்கு அதிகமாகவும், மூத்தவர்கள் பலர் உள்ள வீட்டுக் கடைக்குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்ததை அவர் கண்டார். அண்ணன் அக்காள்களிடமிருந்து சிறு வயதிலேயே தொற்றுகள் ஒட்டிக்கொள்வதுதான் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார். ஐந்து பேருக்குப் பின் பிறந்து, அந்த ஐந்து பேரின் எச்சிலையும் தின்று வளர்ந்த உனக்கு இதைப் படித்தால் தலை சற்று நிமிரும்.

அந்த ஊகத்துக்குச் 'சுகாதாரக் கருதுகோள்' என்று பெயர் விழுந்தது. இத்தனை குழப்பத்துக்கும் அந்தப் பெயரே காரணம் என்பது என் எண்ணம். ஏதோ சோப்புதான் குற்றவாளி என்பதுபோல் அது ஒலிக்கிறது. தட்டம்மை போன்ற பிள்ளைப்பருவத் தொற்றுகள் ஒவ்வாமையைத் தடுக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. கைக்குழந்தையின் நெஞ்சைக் கடுமையாகத் தாக்கும் சில வைரஸ்கள் வந்துபோன பிள்ளைகளுக்கோ இழுப்பு கூடுதலாகவே காணப்படுகிறது. ஆகவே 2003இல் கிரஹாம் ரூக் என்ற பேராசிரியர் அந்தக் கருத்தைத் திருத்தி, அதற்குப் 'பழைய நண்பர்கள்' என்று பெயர் சூட்டினார். நோய் தரும் கிருமிகளை அவர் சொல்லவில்லை. பன்னெடுங்காலமாக மனிதனோடு கூடவே இருந்துவரும் மண்ணின் நுண்ணுயிர்கள், ஆடு மாடுகளிடமிருந்து வருபவை, பிரசவத்தின்போதும் தாய்ப்பாலிலும் தாய் பிள்ளைக்குக் கொடுப்பவை ஆகியவையே அந்த நண்பர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருவர் முதல் வாரம் பெரிய டாக்டரையே வாசலில் மறித்து பாஸ் கேட்டார். தினமும் வருபவர்களின் முகங்கள் பழகிய பிறகுதான் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று அவருக்குப் பிடிபட்டது. உடம்பின் காவலும் அப்படித்தான். இந்தப் பழைய முகங்களைச் சிறு பருவத்தில் பாராமல் வளரும் உடம்பு, வெறும் தூசியையும் எதிரி என்று எண்ணிச் சண்டைக்கு நிற்கிறது.

இதை நம்ப வைக்கும் ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அமெரிக்காவில் அமிஷ் என்றும் ஹட்டரைட் என்றும் இரண்டு வேளாண் சமூகங்கள் இருக்கின்றன. இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடிவந்தவர்கள், மரபாலும் நெருங்கியவர்கள். சாப்பாடும் பெரிய குடும்பமும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஆஸ்துமா உள்ளவர்கள் அமிஷ்களிடையே 5 விழுக்காடு, ஹட்டரைட்டுகளிடையே 21 விழுக்காடு. அமிஷ் குடும்பத்தின் தொழுத்து, அதாவது மாட்டுத் தொழுவம், வீட்டை ஒட்டியே இருக்கிறது, பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே அங்கே ஓடியாடுகிறார்கள். ஹட்டரைட்டுகளின் பண்ணையோ பெரிய இயந்திரப் பண்ணை, சிறு பிள்ளைகள் அதன் பக்கம் போவதில்லை. அமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் கூறு ஒன்று ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது. அந்தத் தூசியை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் மூச்சுக்குழலும் ஒவ்வாமையால் சீறாமல் அடங்கியே இருந்தது. பகவதி, இங்கே ஒன்றைக் கவனி. பெருக்காமல் துடைக்காமல் போட்டு வைத்ததால் வந்த நன்மை அன்று இது. மாடு பக்கத்தில் இருந்ததால் வந்தது. ஆகவே மருமகளின் துடைப்பத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆறாவது மாடியில் மாட்டுக்கு அவள் எங்கே போவாள்?

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. "நமக்கு என்ன வந்தது?" என்று கேட்கிறாயே, நான்காம் வகுப்பில் நம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மெலிந்த பெண்ணை மறந்துவிட்டாயா? ஆடி மாதத்து வாந்திபேதியில் இரண்டே நாளில் போய்விட்டாள். ஒன்றும் வரவில்லை என்று சொல்ல இன்றைக்கு இருப்பவர்கள், ஒன்றும் வராமல் தப்பியவர்கள் மட்டும்தானே! ரப்பர் விளைகளில் செருப்பில்லாமல் நடந்து, பாதத்தின் வழியே கொக்கிப்புழு ஏறி, இரத்தம் குறைந்து, கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெள்ளைத் துணியாக வெளுத்துக் கிடந்த எத்தனையோ பெண்களுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். பிப்ரவரி 10ஆம் தேதி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பூச்சி மாத்திரை கொடுப்பது அந்தப் பழைய மண்வாசனையின் பாக்கியைத் தீர்க்கத்தான். மண்ணில் நண்பர்கள் மட்டும் குடியிருப்பதில்லை.

கை கழுவுவதைப் பற்றி என்னிடம் யாரும் வாதாட வரவேண்டாம். 1847இல் வியன்னாவின் பிரசவ வார்டில், பிணப்பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களை, இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு கரைத்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த வார்டில், ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு 2 பேர். அவர் கரைத்த அந்தப் பொடிதான் நாம் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர்.

அதே பவுடர் சென்ற ஆண்டு என்னையும் படுக்க வைத்தது. மகன் குடும்பத்தோடு வருகிறான் என்று குளியலறையைத் தேய்க்கத் தொடங்கினேன். பாசி போகவில்லையே என்று, பிளீச்சிங் பவுடர் தூவிய தரையின்மேலே ஆசிட்டையும் ஊற்றிவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று மாணவி நர்ஸுகளுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான்! கதவைத் திறந்து வெளியே ஓடிவந்தும், மூன்று நாள் இருமலும் நெஞ்சு எரிச்சலும் விடவில்லை. பாசியும் போகவில்லை.

ஆகவே சுத்தம் அளவு மீறினால் கெடுதலா என்று கேட்டால், கெடுதல் பெரும்பாலும் சுத்தத்தில் இல்லை, அதற்காக நாம் வாங்கும் புட்டிகளில் இருக்கிறது என்பேன். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இருபதாண்டு தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலோ வேலையாகவோ துப்புரவு செய்துவந்த பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. 2016இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டிரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்கள் சேர்ந்த கிருமிநாசினிச் சோப்புகளை வீட்டு உபயோகத்துக்கு விற்கக் கூடாது என்றது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்று தயாரித்தவர்களால் காட்ட முடியவில்லை.

பேத்தியின் காரியத்தில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்திவிடாதே. பழைய நண்பர்களின் உதவி பெரும்பாலும் தாய் வயிற்றிலும் முதல் சில ஆண்டுகளிலும்தான். வந்துவிட்ட இழுப்பை மண் மாற்றாது, தொழுத்துத் தூசி அதைக் கிளப்பினாலும் கிளப்பும். கரப்பான் உள்ள தோலைக் காரமான சோப்பால் தினமும் தேய்ப்பது அதன் மேல்காப்பை உரித்துவிடும். மென்மையான சோப்பைக் கொஞ்சமாகப் போட்டு, ஈரம் காயும் முன் டாக்டர் கொடுத்த களிம்பைப் பூசச் சொல். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். அவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் தூசிப்பூச்சி யாருக்கும் நண்பன் அன்று. தரைக்கு வெறும் தண்ணீரும் சிறிது சோப்புத்தூளும் போதும். இதை மருமகளிடம் குறையாகச் சொல்லாதே, கிருமிநாசினிப் புட்டி ஒன்றின் காசு மிச்சம் என்று சொல்.

காலாண்டு விடுமுறைக்கு மூவரும் புறப்பட்டு வாருங்கள். அனந்தபுரி ரயிலில் இரணியலில் இறங்கினால் மகன் காரோடு வந்து நிற்பான். பஃப்பை மறக்காமல் எடுத்து வை. பிள்ளை முதல் நாள் கன்றைத் தூரத்தில் நின்று பார்க்கட்டும். மூச்சு சீராக இருந்தால் மறுநாள் தடவிக் கொடுக்கட்டும். சாப்பிட உட்காரும் முன் கிணற்றடியில் இருபது விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவாமல் என் வீட்டில் யாருக்கும் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் கிடையாது. உனக்கும்தான்.

என்றும் அன்புடன்,
ஸ்டெல்லா